மூணாம் பீரோ கோலம்

இருங்க சார், தொறக்கேன். சாவி எங்கிட்டதான் இருக்கு, இந்தா இடுப்புலயே கெடக்கு. கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு வந்திருக்கிய, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு உள்ள போனா குடியா முழுகிரும்? உக்காருங்க. அந்த ஸ்டூலு ஒரு கால் ஆடும், செவரோட ஒட்டிப் போடுங்க.

அந்தச் சத்தமா? உள்ள அலாரம் சார். சூடு கூடுச்சின்னா கீச்சு கீச்சுன்னு கத்தும். காலையில இருந்தே கத்திக்கிட்டுதான் கெடக்கு. கதவுக்கு மேல போர்டு தெரியுதா, செவப்பு எழுத்துல? முப்பது காட்டுது. முப்பத்தஞ்சு வந்தாத்தான் மிசினு தானா அணையும். இன்னும் நேரம் இருக்கு. பேசிக்கிட்டே நான் அதுலதான் கண்ண வச்சிருக்கேன். இந்த ஆஸ்பத்திரி கெட்டுன நாள்ல இருந்து இந்த ரூம் என் கையிலதான். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் சொரிமுத்துன்னா வாட்ச்மேன்ல இருந்து டைரக்டர் வரைக்கும் தெரியும்.

பூட்சக் கழட்டிருங்க சார். அந்தா ஸ்டாண்டு. போன இந்தத் தட்டுல வச்சிருங்க. உள்ள செருப்பும் கூடாது, போனும் கூடாது. நான் போட்ட சட்டந்தான், ஆனா டைரக்டர் அய்யாவே அதுக்குக் கட்டுப்படுவாரு. ஏன் இம்புட்டுக் கெடுபிடின்னு பாக்கியளா? போன வருசம் பட்டது அப்பிடி. அதச் சொல்லாம உங்கள உள்ள விட எனக்கு மனசு வரல. கேட்டுக்கிடுங்க. கேட்டா உங்களுக்கும் வேல சுளுவு.

உங்களுக்கு முன்னால ஒரு பிள்ள வந்துச்சி, மெட்ராஸ்ல இருந்து. தமயந்தின்னு பேரு. உங்கள மாதிரியேதான், காத்த அளக்க. அது வந்து அளந்துட்டுப் போச்சி, எங்க குடும்பம் ரெண்டாப் போச்சி. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல.

எங்க ரூமு எப்பிடின்னு மொதல்ல சொல்லிருதேன். உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் கேளுங்க. தரைக்கி மேல ஒரு தரை. கீழ சிமெண்டு, அதுக்கு மேல ஒரு முழ ஒசரத்துல டைல்ஸ். நடுவுல உள்ள பொந்துக்குள்ளதான் ஏசி காத்த அடிக்கும். பீரோவுக்கு முன்னால மட்டும் ஓட்ட ஓட்டையா உள்ள டைல்ஸ் கெடக்கும். அது வழியா காத்து மேல வந்து, பீரோவுக்கு உள்ள போயி, மிசினக் குளுத்திட்டு, முதுகு வழியா வெளிய போயிரும். பீரோன்னு நாங்க சொல்லுதது மிசினெல்லாம் அடுக்கி வச்சிருக்க இரும்பு அலமாரிய. மூணு பீரோ. மூணாவதுதான் உசிரு. ஸ்கேன் படம் பூரா அதுலதான் இருக்கு. மண்ட ஒடஞ்சி ஒருத்தன் வாரான்னு வைங்க, கீழ ஸ்கேன் எடுத்த கையோட மேல ஆபரேசன் தியேட்டர்ல டாக்டர் படத்தப் பாக்காருல்லா? அது மூணாம் பீரோ குடுத்தாத்தான்.

ஏசியப் பாத்தது யாருன்னு கேளுங்க. மாசானம். எங்க தங்கச்சி மாப்ள. பேச்சியம்மாவக் கெட்டுனவன். மெக்கானிக்கு, காண்ட்ராக்ட்டுல இருந்தான். கொண்டாந்து சேத்து விட்டவன் நான். அத யாரும் மறந்துரக் கூடாது.

போன வருசம் ஆயுத பூச. வருசா வருசம் சந்தனம் குங்குமம் வச்சி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைப்போம். அந்த வருசம் எனக்கு ஒரு ஆச வந்துட்டு. உசிரு காக்குற மூணாம் பீரோவுக்கு முன்னால ஒரு கோலம் வேணும்னு நின்னேன். லேப்ல வேல பாக்குற பிள்ள கோலப்பொடியோட வந்து குத்த வச்சிச்சி. ஒரு இழை இழுக்கல சார், பொடி பூரா கெளம்பி அது மூஞ்சியிலயும் என் மீசையிலயும். அப்பிடி ஒரு காத்து அந்த டைல்ஸ்ல! மாசானத்துக்குச் சிரிப்புத் தாங்கல. “மச்சான், ஓட்டத் தரையில எங்கயாவது கோலம் நிக்குமா”ங்கான். எல்லாரும் சிரிக்காங்க. எனக்குன்னா ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. ஸ்டிக்கர் கோலம் விக்காம்லா, தாமரப்பூ போட்டது, அதுல பெரிசா, தடிசா ஒண்ணு வாங்கியாரச் சொன்னேன்.

ஒட்டுனா காத்து தூக்குது. பூரி மாதிரி உப்புது. விடுவனா? ஏசிய நிறுத்தச் சொல்லிட்டு, நான் ஒரு மூலையப் புடிக்க, மாசானம் ஒரு மூலையப் புடிக்க, சுத்தி டேப் போட்டு, துணிய வச்சித் தேச்சித் தேச்சி ஒட்டுனோம். பொறவு ஏசியப் போட்டுப் பாத்தா, ம்ஹூம், அசையல. ஒரு பொட்டுக் காத்து வெளிய வரல சார், அப்பிடி ஒட்டுனோம். டைரக்டர் அய்யா வந்து பாத்துட்டு, “சொரிமுத்து, பிரமாதம்யா”ன்னாரு.

கவனக் கொறவா நடந்தமான்னா, அதுதான் கெடையாது. சூடத்த உள்ள வச்சிக் கொளுத்த விடல. பொக பட்டா தீயணைக்கிற கேஸு தொறந்துரும், எனக்குத் தெரியாதா? கதவுக்கு வெளிய வச்சித்தான் தீவாரணை. பொரிகடல ஒரு மணி உள்ள விழ விடல, எலி வரும்னு. அம்புட்டு கவனம்.

பூச முடிஞ்ச மறுநா மாசானம் கேட்டான், “உரிச்சிருவமா மச்சான்”னு. சாமிக்கிப் போட்ட கோலத்த மறுநாளே எவனாவது உரிப்பானா? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ல, உன்னய என்ன செய்யிதுன்னேன். சரின்னுட்டான். அவன் கேட்டது ஒரு தடவதான். அவ்வளவு அக்கற இருந்தா இன்னொரு தடவ கேட்டிருக்கணும். கேக்கல. இத நீங்க மனசுல வச்சிக்கிடுங்க.

ஐப்பசி பொறந்துச்சி. வெளிய மழ ஊத்துது, ஆத்துல வெள்ளம் போவுது, இங்க உள்ள மூணாம் பீரோ கொதிக்கி. அலாரம் கத்துது. மாசானம் பில்டரக் கழுவுதான், கேஸு ஏத்துதான், மொட்ட மாடியில மழையில நனைஞ்சிக்கிட்டு வெளி யூனிட்டத் தொடைக்கான். ஒண்ணாவது கொறையணுமே? ஒண்ணாம் பீரோவும் ரெண்டாம் பீரோவும் குளுகுளுன்னு இருக்கு, இது மட்டும் தகிக்கி. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். இவன் கைராசி போச்சின்னு. ஏசி நல்லா இருந்தா சூடு ஏன் வருது? சின்னப் பிள்ளைக்கித் தெரியும்லா இது?

முப்பத்தொண்ணு ஆயிட்டு. பாத்தேன் சார், பாக்காம இல்ல. செல்வின் மாடியில யூனிட்டக் கழுவிக்கிட்டு இருக்கான், எறங்கி வந்துருவான். இப்ப உள்ள மெக்கானிக்கு அவன். அவனப் பத்தி பொறவு சொல்லுதேன்.

கார்த்திகையில ஒரு நா. பைபாஸ்ல லாரியில மோதி ஒருத்தரக் கொண்டு வந்தாங்க. வாத்தியாரு ஒருத்தரு. ஸ்கேன் எடுத்தாச்சி, மேல தியேட்டர்ல டாக்டர் கையக் கழுவிட்டு நிக்காரு, படம் வரல. மூணாம் பீரோ சூட்டுல அணைஞ்சிட்டு. கீழ இருந்து மேல ஓடுதாவ, மேல இருந்து கீழ ஓடுதாவ. அவரு சம்சாரம் வராந்தாவுல நின்னு, “என்னய்யா பாத்துக்கிட்டே நிக்கிய”ன்னு போட்ட சத்தம் இன்னும் காதுல கெடக்கு. கடைசியில டாக்டரே கீழ எறங்கி வந்து ஸ்கேன் ரூம்ல நின்னுகிட்டே படத்தப் பாத்துட்டு மேல ஏறுனாரு. ஆளு பொழச்சிக்கிட்டாரு. பேச்சு மட்டும் பழையபடி வரல. வாத்தியாருக்கு வாய்தானே எல்லாம்னு ஊருல பேசிக்கிட்டாங்க. அது டாக்டருமாரு சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்.

டைரக்டர் அய்யா எல்லாரையும் கூப்பிட்டாரு. மேசையில ஒரு அடி. “காரணம் எனக்குத் தெரிஞ்சாகணும். மெட்ராஸ்ல இருந்து ஆளு வருது, காத்த அளக்க. யாரு கவனக் கொறவுன்னு தெரியுதோ, அவன் அன்னைக்கே வீட்டுக்குப் போவணும்”னாரு. “ஏசி யாரு பொறுப்பு”ன்னு என்னயப் பாத்தாரு. மாசானம்னு சொன்னேன். பொய்யா சார்? ஏசியப் பாக்கது அவந்தானே?

அன்னைக்கிச் சாயங்காலம் பேச்சி வீட்டுக்கு வந்தா. எனக்கு அவ ஒருத்திதான் கூடப் பொறந்தது. எங்க அம்மா போன பொறவு அவளுக்குத் தல சீவி, சட போட்டு, பள்ளிக்கூடம் அனுப்புனவன் நான். வந்தவ உக்காரக்கூட இல்ல. “அண்ணே, அவுக வேலைக்கி ஒண்ணும் வந்துராதுல்லா? ரெண்டு பிள்ளையளும் படிக்கி”ன்னா. “நான் ஒருத்தன் இருக்கும்போது அவன் வேலையில எவன்ட்டி கை வைப்பான்? போயி நிம்மதியா ஒறங்கு”ன்னேன். சிரிச்சிக்கிட்டே போனா. அவ சிரிச்சி நான் கடைசியாப் பாத்தது அதுதான்னு நெனைக்கேன்.

இப்ப அந்தத் தமயந்திப் பிள்ளைக்கி வாங்க. வந்துச்சி, பூட்சோட. கழட்டும்மான்னேன். “இது சேப்டி ஷூ சார், கழட்டக் கூடாது, எங்க கம்பெனி ரூல்”னுச்சி. என் ரூமுக்குள்ள அது கம்பெனி சட்டமாம். டைரக்டர் வரவழச்ச ஆளு, நான் என்ன செய்ய? பல்லக் கடிச்சிக்கிட்டு விட்டேன். போன மட்டும் வாங்கி தட்டுல வச்சிட்டேன், அதுல நான் விட்டுக் குடுக்கல.

ஒரு கூடு கொண்டாந்திருந்துச்சி. துணியில, கம்பி வச்சி, கீழ அகலம், மேல மீட்டரு. கோழியக் கவுத்துற பஞ்சாரம் இருக்குல்லா, அதே அமைப்பு. உங்க பெட்டியிலயும் அதுதானா? நெனச்சேன். அத ஒவ்வொரு ஓட்ட டைல்ஸ்ல கவுத்தும், மீட்டரப் பாக்கும், எழுதும். ஒண்ணாம் பீரோ, நல்ல காத்து. ரெண்டாம் பீரோ, அதுவும் நல்ல காத்து. மாசானம் கதவோரமா கையக் கெட்டிக்கிட்டு நிக்கான். மூணாம் பீரோவுக்கு வந்து கவுத்துச்சி. மீட்டரத் தட்டுச்சி. திரும்பக் கவுத்துச்சி. பொறவு கூட்டத் தூக்கிட்டுக் கீழ பாத்துச்சி.

“சார், என்ன இது?”

“கோலம்மா.”

“ஓட்டைய பூரா அடச்சிட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க! காத்து எப்படி வரும்? இதுதான் சார் காரணம். ஏசில ஒரு குறையும் இல்ல. நாலு மணிக்கு டைரக்டர் வராரு, அவர் முன்னாடியே அளந்து காட்டுறேன். அதுவரைக்கும் யாரும் இதத் தொடாதீங்க.”

எப்பிடிப் பேச்சு பாருங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒரு தாள் கனம் கூட இல்லாத ஸ்டிக்கர், அதுதான் காரணமாம்! அம்மாம் பெரிய ஏசி, அம்மாம் பெரிய பீரோ, நடுவுல எங்க தாமரப்பூவா போயி மறிக்கும்? அது சாப்பிடப் போச்சி. மாசானம் மொகத்துல அன்னைக்கித்தான் கொஞ்சம் ரத்த ஓட்டம். “நல்ல வேள மச்சான், இம்புட்டுதானா? சொல்லிரலாம் மச்சான், அய்யாட்ட நாமளே சொல்லிரலாம்”னான். நீ போயி சாப்பிடுல, நான் பாத்துக்கிடுதேன்னு அனுப்புனேன்.

நான் மட்டும் உள்ள நின்னேன். கோலத்தப் பாக்கேன் சார், நடுத் தாமரையில பூட்சு அச்சு. மண்ணோட, வரி வரியா. எனக்கு வயிறு எரிஞ்சிட்டு. சாமிக்கிப் போட்டது. பூட்சுக்காலு பட்ட பொறவு அங்கன வச்சிருக்கலாமா? நீங்களே சொல்லுங்க, வச்சிருக்கலாமா? அந்த நிமிசம் எனக்கு வேற எந்த நெனப்பும் இல்ல. இத நான் எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடத்த அணைச்சிச் சொல்லுவேன். உக்காந்து, ஓரத்து டேப்ப எடுத்து, பைய உரிச்சேன். மடிச்சி சட்டைக்குள்ள வச்சிக்கிட்டேன். சாமி சமாச்சாரத்தக் குப்பையில போடக் கூடாதுல்லா, சாயங்காலம் ஆத்துல விட்டுட்டேன். பசை ஒட்டியிருந்துச்சி, அதையும் மண்ணெண்ண தொட்டுச் சுத்தமாத் தொடச்சேன். சுத்தம் எனக்கு முக்கியம்.

உரிக்கும்போது கையில என்னமாவது பட்டுச்சான்னா... காத்து பட்டுச்சி. ஏசி ரூம்ல காத்து படாம என்ன படும்?

நாலு மணிக்கு டைரக்டர் வந்தாரு. கூட ரெண்டு டாக்டரு. அந்தப் பிள்ள சுறுசுறுன்னு கூட்டத் தூக்கிட்டு முன்னால போச்சி. மூணாம் பீரோகிட்ட போயி நின்னுட்டு. அங்கன டைல்ஸ் பளபளன்னு இருக்கு. திரும்பி என்னயப் பாத்துச்சி. நான் செவரப் பாத்தேன். “இங்க ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு சார், ஓட்டை எல்லாம் அடச்சிருந்துச்சு”ன்னு டைரக்டர்ட்ட சொல்லுது. “கவுத்துப் பாரும்மா”ங்காரு. கவுத்துச்சி. மீட்டரு மூணு பீரோவுலயும் இங்கதான் கூடக் காட்டுது.

டைரக்டர் எம்பக்கம் திரும்புனாரு. “சொரிமுத்து, இந்த இடத்துல அடைப்பு ஏதும் இருந்துச்சா?”

அவரு கேட்டது அடைப்பு. சாக்கு இருந்துச்சா, அட்ட இருந்துச்சா, குப்ப இருந்துச்சா, இதுதானே அடைப்பு? பூசையன்னைக்கி அவரே பாத்த கோலம், அவருக்கு மறந்துட்டு போல. கோலம் இருந்துச்சான்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். “அடைப்புன்னு ஒண்ணும் இல்ல சார்”னேன்.

பொறவு மாசானத்தக் கேட்டாரு. “நீ சொல்லுப்பா, ஸ்டிக்கர் இருந்துச்சா?”

மாசானம் என்னயப் பாத்தான். ஒரு மூலைய நானும் ஒரு மூலைய அவனும் புடிச்சி ஒட்டுனோம்லா, அத நெனச்சானோ என்னமோ. எனக்கு வேத்துக் கொட்டுது, அந்தக் குளுருல. பொறவு சொன்னான், “எங்க மச்சான் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்.”

அவ்வளவுதான். டைரக்டருக்கு வந்துச்சி பாருங்க கோவம். “நேத்து வரைக்கும் வராத காத்து இன்னைக்கி மேடம் வந்த ஒடனே வருதா? இத்தன நாளா ஏசிய ஒழுங்காப் பாக்காம, அளக்க ஆளு வருதுன்னதும் சரி பண்ணி வச்சிருக்க, இல்ல? ஒரு மனுசன் சாவக் கெடந்தான்யா”ன்னு கத்துனாரு. மாசானம் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. ஸ்பானர் பையத் தோள்ல போட்டுக்கிட்டு, ஸ்டாண்டுல செருப்ப மாட்டிக்கிட்டு, போயிட்டான். தப்பு இல்லாதவன் பேச வேண்டியதுதானே? வாய் என்ன தைச்சா வச்சிருக்கு? நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

அந்தப் பிள்ள பெட்டியக் கெட்டும்போது எங்கிட்ட வந்துச்சி. “அவரு உங்க சொந்தக்காரராமே”ன்னு மட்டும் கேட்டுச்சி. ஆமா, தங்கச்சி மாப்ளன்னேன். போனத் தட்டுல இருந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டு.

இப்ப ஒரு விசயம் சொல்லுதேன், இதுக்கு நீங்க பதில் சொல்லணும். மாசானம் போன அன்னையில இருந்து அலாரம் கத்தல. மூணாம் பீரோ ஐஸ் மாதிரி. மார்கழி, தை, சித்திரை வெயிலு, ஒண்ணுத்துக்கும் அசையல. அவன் இருந்தான், சூடு இருந்துச்சி. அவன் போனான், சூடு போச்சி. அப்ப தப்பு யாரு மேல? நான் யாரு மேலயும் பழி போடல, கணக்கு அப்பிடி வருது.

இதப் பேச்சிகிட்ட சொல்லணும்னுதான் பங்குனி உத்தரத்துக்குப் போனேன். எங்க சாஸ்தா கோயிலுக்குச் சொந்தபந்தம் பூரா வரும். வருசா வருசம் எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, ஒரே பான, நான்தான் தீ மூட்டுவேன். இந்த வருசம் அவ தள்ளிப் போயி ஒரு பனை மூட்டுல மூணு கல்லக் கூட்டித் தனியாப் பொங்குதா. மாசானம் வரல. கேரளாவுல ஒரு மீன் கம்பெனியில ஐஸ் பிளாண்டுல நிக்கானாம், மாசம் ஒரு தடவ வாரானாம். கிட்டப் போயி, “என்னட்டி பேச்சி”ன்னேன். நிமிரல. பொங்கலக் கிண்டிக்கிட்டே கேட்டா, “அண்ணே, அந்த மேடம் சொன்னது நெசமா?”

“எனக்கென்னம்மா தெரியும், நான் என்ன காத்தா”ன்னேன்.

வெளாட்டாத்தான் சொன்னேன். அவளுக்கு என் வெளாட்டெல்லாம் புடிக்கும், சின்னதுல. பானையத் துணியோட எறக்கித் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிப் போயிட்டா. கூடப் பொறந்தவனுக்கு ஒரு கை பொங்கல் தரல சார். நான் வாய்விட்டுச் சொல்லுதேன், அன்னைக்கி நான் பஸ்ஸுல அழுதுக்கிட்டுதான் வந்தேன்.

எம்புட்டு? முப்பத்திரெண்டா? ஆமா, ஆயிட்டு. எந்திரிக்கேன். முட்டுவலி சார், ஒடனே எந்திரிக்க வராது.

சூடு திரும்ப எப்ப ஆரம்பிச்சதா? இப்பத்தான், ஐப்பசியில. மழ பெஞ்சா இந்த ரூமுக்கு ஆவாது போல. அதே மூணாம் பீரோ. செல்வின் பாத்துப் பாத்து ஓஞ்சிட்டான். அவனும் சரியில்ல சார், இந்தக் காலத்துப் பயலுவ. டைரக்டர் நேத்தே சொல்லிட்டாரு, நீங்க அளந்து சொன்ன பொறவு அவனையும் அனுப்பிருவாராம். அவன் சம்சாரத்துக்கு இது பேறுகால மாசம். நான் என்ன செய்ய? போன தடவ மாதிரி ஆவாதுன்னு அவங்கிட்டயும் சொல்லியிருக்கேன், நான் இருக்கேம்ல, பயப்படாதன்னு.

அதுக்கு முன்னால புதுசா என்ன செஞ்சமா? ஒண்ணும் செய்யலியே. புதுசா மிசினு வைக்கல, ஒயரு இழுக்கல. ஆயுத பூச வந்துச்சி, வழக்கம்போலப் பூச போட்டோம், அவ்வளவுதான்.

இந்தா, தொறந்தாச்சி. வாங்க. யம்மாடி, வெக்கை முகத்துல அறையுது பாத்தியளா. பைய, பைய. கூட்ட விரிச்சிட்டியளா? ஒண்ணாம் பீரோவுல வைங்க. நல்ல காத்தா? அப்பிடித்தான் இருக்கும். ரெண்டு? அதுவும் சரி. சார், அங்கன பாத்து வாங்க. சுத்தி வாங்க. கோலம் கெடக்கு, மிதிச்சிராதிய.

ஆமா, கோலந்தான். இந்த வருசம் ஒட்டுனது. போன வருசத்தவிடப் பெரிசு, ரெண்டு டைல்ஸுக்கு வரும், மயில் போட்டது. இந்தத் தடவ ஒத்தையிலயே ஒட்டிட்டேன், மறு மூலையப் புடிக்க ஆளு இல்ல.

என்ன, கூட்டக் கீழ வச்சிட்டிய? அளக்கலியா? எதுக்கு என்னய அப்பிடிப் பாக்கிய? செல்வின் வேற வந்து கதவோரமா நிக்கான், கையக் கெட்டிக்கிட்டு. எலேய், நீ போயி மாடி வேலையப் பாரு. போவமாட்டேங்கான் பாருங்க.

சார், எதுக்குக் குனியுதிய? அந்த டேப்ப விடுங்க. விடுங்கன்னு சொல்லுதம்லா. அதுல ஒண்ணும் இல்ல சார், சாமி கோலம் அது. செல்வினுக்காகப் பாக்கியளா? அவன் வேலைக்கி நான் பொறுப்பு. டைரக்டர் கால்ல விழுந்தாவது சொல்லிருதேன். வேற என்னமாவது எழுதிக் குடுங்க, ஏசி பழசாயிட்டுன்னு எழுதுங்க. ஓரத்தப் பிரிக்காதிய. தம்பி, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன், அத உரிக்காதிய. நீங்க உரிச்சி, அதுல காத்து வந்துட்டுன்னு வைங்க, எங்க பேச்சி மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?